'நோ பெட்ஸ்' போர்டும் மூணாவது மாடிப் பூனையும்

(எபிசோடின் ஒலி வடிவத்திலிருந்து, படிக்க வசதியாகச் சற்றே சுருக்கித் தொகுக்கப்பட்டது.)

நாய் பத்தி நாம போதுமான அளவுக்குப் பேசியாச்சு. பூனைக்காரங்க கோவமா இருக்கீங்கன்னு இன்பாக்ஸ் பார்த்தாலே தெரியுது. அதனால இன்னைக்கு முழுக்க பூனைதான்.

ஒரு நேயர் அனுப்பின வாய்ஸ் நோட்ல இருந்து ஆரம்பிக்கிறேன். பேர் வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. மேடவாக்கம் பக்கம் 60 வீடு இருக்கிற ஒரு அபார்ட்மென்ட், மூணாவது மாடி, வாடகை வீடு. மழை நேரத்துல பார்க்கிங்ல கத்திக்கிட்டு இருந்த குட்டியை எடுத்துட்டு வந்து 2 வருஷமா வளர்க்கிறாங்க. எதிர்வீட்டு ஆன்ட்டிக்குத் தெரியும். செக்யூரிட்டி அண்ணனுக்குத் தெரியும். வீட்டு வேலைக்கு வர்ற அக்காவுக்குத் தெரியும். ஆனா 'அஃபிஷியலா' யாருக்கும் தெரியாது. கண்ணை மூடிக்கிட்டு பால் குடிக்கிற பூனை கதை கேட்டிருக்கோம். இங்க கண்ணை மூடிக்கிட்டது பூனை வளர்க்கிறவங்க.

போன மாசம் அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ். 'நமது குடியிருப்பில் செல்லப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை. மீறி வளர்ப்பவர்கள் 15 நாட்களுக்குள் அப்புறப்படுத்தவும்.' கீழ நாலு பேர் கட்டைவிரல் தூக்கியிருக்காங்க. அவங்க என்கிட்ட கேட்ட கேள்வி இதுதான்: "நான் வீட்டை விடணுமா, பூனையை விடணுமா?"

முதல்ல அந்த ரெண்டாவது பாதியை முடிச்சிடலாம். பூனையை விடாதீங்க. இந்த மாதிரி நோட்டீஸ் வந்தா நிறைய பேர் செய்யறது என்ன? ஒரு அட்டைப்பெட்டி, ஒரு ஆட்டோ, நேரா மீன் மார்க்கெட். 'அங்க விட்டா பொழைச்சுக்கும்'னு ஒரு சமாதானம். பொழைக்காதுங்க, பெரும்பாலும். வீட்டுக்குள்ள வளர்ந்த பூனைக்கு வண்டி தெரியாது, தெருநாய் தெரியாது. அந்த மார்க்கெட்டுக்குன்னு ஏற்கெனவே இருக்கிற பூனைங்க புதுசா வந்ததை அடிச்சு விரட்டும். பூனைக்கு இடம்தான் எல்லாம். பயந்து ஏதாவது வண்டிக்கு அடியில பதுங்கிக் கிடக்கும், சாப்பிட வெளியவே வராது.

சட்டப்படியும் அது குற்றம். 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11ஆவது பிரிவு: பட்டினியோ தாகமோ வரும்னு தெரிஞ்ச நிலைமையில ஒரு பிராணியைக் கைவிட்டா தண்டனை. எவ்வளவு தண்டனை தெரியுமா? முதல் தடவைக்கு 10 ரூபாயில இருந்து 50 ரூபாய் வரைக்கும் அபராதம். 1960ல அது காசு. இன்னைக்கு ஒரு டீ, ரெண்டு பஜ்ஜி. இதுல நம்ம ஊர் சம்பந்தம் ஒண்ணு இருக்கு. இந்தச் சட்டத்துக்கு வித்து போட்டது திருவான்மியூர் கலாக்ஷேத்ராவை உருவாக்கின ருக்மிணி தேவி அருண்டேல். ராஜ்யசபா உறுப்பினரா இருந்தப்போ அவங்க கொண்டுவந்த தனிநபர் மசோதாவுக்குப் பதிலாத்தான் அரசாங்கம் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1962ல இந்திய விலங்குகள் நல வாரியம் அமைஞ்சப்போ அதோட முதல் தலைவரும் அவங்கதான். அவங்க இருந்த அதே திருவான்மியூர்ல இன்னைக்கு எத்தனை கேட்ல 'நோ பெட்ஸ்' தொங்குதுன்னு ஒரு வாக்கிங் போய் எண்ணிப் பாருங்க.

சரி, இப்ப முதல் பாதி. அசோசியேஷனால இப்படித் தடை போட முடியுமா?

அதே விலங்குகள் நல வாரியம் 2015 பிப்ரவரியில ஒரு சுற்றறிக்கை கொடுத்திருக்கு. பெரும்பான்மை ஓட்டு இருந்தாலும், பைலாவையே திருத்தினாலும், செல்லப் பிராணி வளர்க்கத் தடை போட அசோசியேஷனுக்கு அதிகாரம் இல்லைன்னு அதுல சொல்றாங்க. லிஃப்ட்ல ஏத்தக்கூடாதுன்னும் சொல்லக்கூடாது. இதை ஃபார்வர்ட் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் மனசுல வச்சுக்கோங்க. ஒண்ணு, அது வழிகாட்டுதல். பாராளுமன்றம் போட்ட சட்டம் இல்லை. ரெண்டு, அது முக்கியமா நாய்களை மனசுல வச்சு எழுதினது. 'இதுல பூனை எங்கப்பா இருக்கு?'ன்னு ஒரு ரிட்டயர்டு அங்கிள் கட்டாயம் கேப்பார். நாயை அனுமதிக்கணும், ஆனா பூனையைத் தடுக்கலாம்னு வாதாடறது எவ்வளவு வேடிக்கைன்னு அவருக்கே புரியும், கொஞ்சம் நேரம் கொடுங்க.

இதைவிட அழுத்தமானது பக்கத்து மாநிலத்துல இருந்து வந்தது. கேரள உயர்நீதிமன்றம் 2021ல, ஒரு விலங்குநல அமைப்பு போட்ட வழக்குல, குடியிருப்புல பிராணி வளர்க்கவே கூடாதுன்னு முழுசா தடுக்கிற விதி செல்லாதுன்னு தீர்ப்பு சொல்லுச்சு. அதே தீர்ப்பு, பிராணி வளர்க்கிற சுதந்திரம் மத்தவங்க உரிமைக்கு உட்பட்டதுதான்னும் சொல்லுது. நம்ம ஆளுங்க முதல் பாதியை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுப்பாங்க. ரெண்டாவது பாதியையும் சேர்த்து எடுங்க. அது கேரளத்துத் தீர்ப்புங்கிறதால தமிழ்நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனா இங்க ஒருத்தர் வாதாடும்போது எடுத்துக் காட்டலாம், அதுக்கு மதிப்பு உண்டு.

அதே நீதிமன்றத்துல பூனைக்காக இன்னொரு வழக்கும் நடந்திருக்கு. 2020 ஏப்ரல், ஊரடங்கு. கொச்சியில ஒருத்தர் தன்னோட 3 பூனைக்கு பிஸ்கட் வாங்கப் போக வண்டி பாஸ் கேட்டார், போலீஸ் கொடுக்கலை. அவர் கோர்ட்டுக்கே போயிட்டார். அவர் சொன்ன காரணம் முக்கியம்: நான் சைவம், எங்க வீட்ல கறி, மீன் சமைக்கிறதில்லை, பூனைக்கு அந்த பிஸ்கட்டை விட்டா வேற வழியில்லை. நீதிபதிகள் அனுமதி கொடுத்தாங்க.

இதை ஏன் சொல்றேன்னா, சென்னையில வீடு தேடினவங்களுக்குத் தெரியும், 'நோ பெட்ஸ்' தனியா வராது. 'வெஜிடேரியன்ஸ் ஒன்லி, நோ பெட்ஸ், பேச்சலர்ஸ் எக்ஸ்க்யூஸ்'னு மூணும் கையைக் கோத்துக்கிட்டுத்தான் வரும். பூனை இந்த மூணுலயும் மாட்டும். பூனை கறி தின்னே ஆகணும். டாரின்னு ஒரு சத்து மாமிசத்துலதான் இருக்கு. அது கிடைக்கலைன்னா பூனைக்கு கண் பார்வை போகும், இதயம் கெடும். தயிர் சாதத்துலயே பூனை வளருதுன்னு யாராவது சொன்னா, அது வெளியில போய் எலியும் ஓணானும் பிடிச்சுத் தின்னுட்டு வருதுன்னு அர்த்தம். அதனால சில பில்டிங்ல பூனை மேல வர்ற புகார் உண்மையில பூனை மேல வர்ற புகாரே இல்லை. உங்க கிச்சன்ல என்ன வேகுதுங்கிறதுதான் அவங்களுக்குப் பிரச்சனை. அதை முடியைப் பத்தின விவாதமா நடத்திக்கிட்டு இருப்பாங்க. புகார் எந்த வகைன்னு முதல்ல கண்டுபிடிங்க. முடின்னா தீர்வு இருக்கு. சமையல்னா, அது பூனையோட போகிற சண்டை இல்லை.

இப்ப அந்த நேயருக்கு உண்மையான சிக்கல் வேற. அவங்க வாடகைக்கு இருக்காங்க. அசோசியேஷன் ஒரு ஆள், ஹவுஸ் ஓனர் இன்னொரு ஆள். அசோசியேஷன் தடை போட முடியாதுன்னு நீங்க ஜெயிச்சாலும், 'என் வீட்டை பூனையோட வாடகைக்குக் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை'ன்னு ஓனர் ஆரம்பத்துலயே சொல்லிட்டா, அவரைக் கட்டாயப்படுத்த நமக்கு வழி கிடையாது. அக்ரிமென்ட்ல 'செல்லப் பிராணி கூடாது'ன்னு ஒரு வரி இருந்து, நீங்க படிக்காம கையெழுத்துப் போட்டிருந்தா, உங்க கால் பலவீனமான கிளையில இருக்கு. அந்த வரி இல்லைன்னா நிலைமை மாறுது. தமிழ்நாட்டுல 2019ல நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஓனர் நினைச்ச மாத்திரத்துல வெளிய தள்ள முடியாது. வாடகை நீதிமன்றம் வழியாத்தான் போகணும். தண்ணியை நிறுத்தறது, கரண்ட்டைப் பிடுங்கறது இதெல்லாம் கூடவே கூடாது. அசோசியேஷனுக்கும் இது பொருந்தும்னு சில செக்ரட்டரிகளுக்கு யாராவது பொறுமையா எடுத்துச் சொல்லணும்.

இன்னொண்ணு. யாராவது விஷம் வச்சுடுவேன்னு மிரட்டினா, அதைச் சாதாரண வாய்ச்சண்டையா விட்டுடாதீங்க. புது நியாய சன்ஹிதாவோட 325ஆவது பிரிவுல பிராணியைக் கொல்றது, விஷம் வைக்கிறது, ஊனமாக்கறது எல்லாத்துக்கும் 5 வருஷம் வரைக்கும் சிறை இருக்கு. மெசேஜை சேவ் பண்ணி வைங்க.

தடை போட்டா பூனை போயிடுமா? இதுக்கு ஒரு நாடே பரிசோதனை செஞ்சு பார்த்திருக்கு. சிங்கப்பூர். அங்க பத்துல எட்டு பேர் அரசு கட்டின வீவக அடுக்குமாடியிலதான் இருக்காங்க. அந்த வீடுகள்ல 1989ல இருந்து பூனைக்குத் தடை. சொன்ன காரணம்: பூனையை வீட்டுக்குள்ள அடைச்சு வைக்கிறது கஷ்டம், வெளிய போய் முடி உதிர்க்கும், பொது இடத்துல அசுத்தம் பண்ணும், ராத்திரி கத்தும். அபராதம் 4,000 சிங்கப்பூர் டாலர் வரைக்கும். இவ்வளவுக்கும் நாய் வளர்க்கலாம், குறிப்பிட்ட சின்ன இனங்கள்ல ஒண்ணு. பூனைதான் கூடாது. இதுல பெரிய கூத்து, சுற்றுலாத் துறை அதே காலகட்டத்துல சிங்கப்பூரா இனப் பூனையைத்தான் நாட்டோட அடையாளமா விளம்பரம் பண்ணுச்சு.

தடை 35 வருஷம் இருந்துச்சு. பூனை போச்சா? போகலை. எல்லாரும் கதவைச் சாத்திக்கிட்டு வளர்த்தாங்க. புகார் வந்தா மாட்டிப்பாங்க, வரலைன்னா இருப்பாங்க. சத்தமில்லாம வளர்க்கிறதோட விலை என்ன தெரியுமா? ஜன்னலுக்கு வலை அடிச்சா வெளியில தெரிஞ்சிடும். மைக்ரோசிப் போட்டா பதிவாயிடும். பூனை தொலைஞ்சா போஸ்டர் ஒட்ட முடியாது. பக்கத்து வீட்டுக்காரருக்கு உண்மையிலேயே தொந்தரவா இருந்தாலும் 'கொஞ்சம் வலை போடுங்க'ன்னு கேக்க முடியாது, ஏன்னா கேட்டாலே அது புகார். 2012ல சோங் பாங் வட்டாரத்துல, அந்தத் தொகுதி எம்பியான அமைச்சர் கா. சண்முகம் ஆதரவோட, ஒரு முன்னோட்டத் திட்டம் ஆரம்பிச்சாங்க: வீட்டுக்கு 2 பூனை, கருத்தடை செஞ்சிருக்கணும், சிப் போட்டிருக்கணும், ஜன்னலுக்கு வலை இருக்கணும். அங்க இருந்து நாடு முழுக்க வர இன்னும் 12 வருஷம் ஆச்சு. 2024 செப்டம்பர் 1ல இருந்து வீவக வீட்ல 2 பூனை வளர்க்கலாம், லைசென்ஸோட. ஏற்கெனவே மறைச்சு வளர்த்தவங்க வெளிய வந்து பதிவு பண்ணிக்க 2026 ஆகஸ்ட் 31 வரைக்கும் அவகாசமும் கொடுத்தாங்க.

பாருங்க, 1989ல எந்தக் காரணத்துக்காகத் தடை போட்டாங்களோ, அதே முடி, அசுத்தம், சத்தம், இது எல்லாத்துக்கும் பதில் அந்த நிபந்தனைகள்ல இருக்கு. மறைஞ்சு வளர்க்கிறவங்ககிட்ட ஒரு நிபந்தனையும் போட முடியாது. அசோசியேஷன் செக்ரட்டரி யாராவது இதைக் கேட்டுக்கிட்டு இருந்தா, சார், உங்களுக்காகத்தான் சொல்றேன். உங்க பில்டிங்ல தடை இருக்குன்னா பூனை இல்லைன்னு அர்த்தம் இல்லை. எத்தனை பூனை இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இப்ப நம்ம பக்கம். பூனைக்காரங்க எல்லாரும் புனிதர்கள் இல்லை. அக்கம்பக்கத்து புகார்ல பாதி நியாயமானது.

வாடை. இது நிஜம். கருத்தடை செய்யாத ஆண் பூனை கதவுல, செருப்பு ஸ்டாண்டுல பீய்ச்சி அடிக்கிற மூத்திரம் இருக்கே, அதை எந்த ஃபினாயிலும் அடக்காது. பெண் பூனைன்னா பருவத்துல ராத்திரி பூரா அழும். கீழ்வீட்ல கைக்குழந்தை இருந்தா அவங்க நிலைமையை யோசிங்க. ரெண்டுக்கும் ஒரே மருந்து, அஞ்சாறு மாசத்துல கருத்தடை. தனியார்ல செலவு அதிகம்னா வேப்பேரியில அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. 1903ல ஆரம்பிச்ச கல்லூரி, பூனையும் பார்ப்பாங்க. காலையில சீக்கிரம் போங்க, கூட்டம் இருக்கும்.

மண் தட்டு தினமும் சுத்தம் பண்ணணும். அந்த மண்ணை டாய்லெட்ல கொட்டாதீங்க, தயவுசெஞ்சு. பென்டோனைட் களிமண் தண்ணி பட்டா உப்பிக் கட்டியாகும். பைப் அடைச்சு கீழ்வீட்டு பாத்ரூம்ல பொங்கினா, 2015 சுற்றறிக்கையோட எந்தப் பக்கமும் உங்களைக் காப்பாத்தாது. கட்டி எடுத்து குப்பையில போடுங்க.

கர்ப்பமா இருக்கிறவங்க வீட்ல ஒரு பயம் வரும், பூனையால குழந்தைக்கு ஆபத்துன்னு. டாக்ஸோபிளாஸ்மான்னு ஒரு கிருமி. பயம் பொய்யில்லை, ஆனா அளவுக்கு மீறினது. அது பூனையோட மலத்துல வரும். வந்தவுடனே தொத்தாது, குறைஞ்சது ஒரு நாளாவது ஆகணும். தினமும் தட்டை வேற யாராவது சுத்தம் பண்ணிட்டா, பூனைக்குப் பச்சைக்கறி போடாம வெளிய விடாம வச்சிருந்தா, ஆபத்து ரொம்பக் குறைவு. பக்கத்து வீட்ல இருக்கிற பூனையால சுவர் தாண்டி வராது. ஆனா அலர்ஜி வேற விஷயம். பூனையோட எச்சில்லயும் தோல்லயும் இருக்கிற ஒரு புரதம்தான் காரணம், முடியில ஒட்டிக்கிட்டு பரவும். எதிர்வீட்ல ஆஸ்துமா இருக்கிற பெரியவர் இருந்தா, காரிடார்ல பூனையை உலாத்த விடறது தப்பு. அவங்க வீட்டு மிதியடியில போய்ப் படுக்குதுன்னு வீடியோ எடுத்துச் சிரிக்காதீங்க.

எல்லாத்தையும் விட எனக்கு முக்கியமா படறது பால்கனி. 'பூனை எங்க இருந்து விழுந்தாலும் நாலு காலில் நிக்கும்'னு சின்ன வயசுல இருந்து கேட்டு வளர்ந்திருக்கோம். நியூயார்க்ல ஒரு விலங்கு மருத்துவமனையில, 1984ல 5 மாசத்துக்குள்ள மாடியில இருந்து விழுந்த 132 பூனைங்க வந்தது. வந்ததுல பத்துக்கு ஒன்பது பிழைச்சது. இதைத்தான் இன்டர்நெட்ல ஆச்சரியமா ஷேர் பண்றாங்க. ஆனா அது ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த பூனைகளோட கணக்கு. கீழ விழுந்த இடத்துலயே செத்ததை யாரும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகலை. பிழைச்சதுக்கும் நெஞ்சுக்கூட்டுல அடி, தாடை பிளவு, கால் எலும்பு முறிவு.

அதனால வலை. சென்னையில இதுக்கு ஒரு நல்ல சாக்கு கையிலேயே இருக்கு: புறா. பாதி பால்கனியில ஏற்கெனவே புறா வலை கட்டியிருக்கு. அதனால 'பில்டிங்கோட முகப்பு கெட்டுப்போகும்'னு உங்களை மட்டும் யாரும் சொல்ல முடியாது. ஆனா அந்த மெல்லிசான நைலான் வலையை பூனை ஒரே வாரத்துல கடிச்சு ஓட்டை போட்டுடும். கொக்கியைச் சுவத்துல துளை போட்டு அடிக்கணும்னா ஓனர்கிட்ட முதல்லயே கேளுங்க. ஸ்டீல் மெஷ் போட்டா நல்லது. இல்லைன்னா தடிச்ச வலையைக் கம்பியோட சேர்த்து இறுக்கிக் கட்டச் சொல்லுங்க. ஜன்னலுக்கு ஒட்டற வெல்க்ரோ கொசுவலை பூனையோட எடையைத் தாங்காது, அதை நம்பவே நம்பாதீங்க.

அந்த நேயருக்கு நான் சொன்னது இது. குரூப்ல பதில் போட வேண்டாம். அங்க கட்டைவிரலுக்குத்தான் மதிப்பு. முதல்ல அக்ரிமென்ட்டை எடுத்துப் படிங்க. அப்புறம் ஓனர்கிட்ட நேர்ல போய்ப் பேசுங்க, செக்ரட்டரி சொல்லி அவருக்குத் தெரியறதுக்குள்ள. போகும்போது பூனையோட தடுப்பூசி அட்டை, கருத்தடை செஞ்ச ரசீது, பால்கனி வலையோட போட்டோ மூணும் கையில இருக்கட்டும். 'கதவு, சோபா ஏதாவது கீறியிருந்தா அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க அங்கிள்'னு நீங்களே முந்திச் சொல்லிடுங்க. அவர் சரின்னா, ஒரு வரி வாட்ஸ்அப்லயாவது எழுத்துல வாங்கிடுங்க. அது கிடைச்ச பிறகு அசோசியேஷனுக்கு ஒரு கடிதம், ஓனர் கையெழுத்தோட: எந்த விதிப்படி இந்த நோட்டீஸ், எந்தப் பொதுக்குழுவுல தீர்மானம் போட்டீங்க, நகல் கொடுங்க. சண்டை போடற தொனி வேண்டாம், கேள்வி மட்டும். நிறைய இடத்துல அப்படி ஒரு தீர்மானமே இருக்காது. யாரோ ஒருத்தர் படியில பூனை முடி பார்த்து எரிச்சல்ல போட்ட மெசேஜா இருக்கும்.

எதிர்வீட்டு ஆன்ட்டிகிட்டயும் பேசச் சொன்னேன். அவங்களுக்கு ரெண்டு வருஷமா தெரியும், ஒண்ணும் சொல்லலை. பொதுக்குழுவுல கை தூக்க அந்த ஒரு ஆள் போதும்.

அவங்க ஓனரை ஞாயித்துக்கிழமை பார்க்கப் போறதா சொல்லியிருக்காங்க. என்ன ஆச்சுன்னு அடுத்த எபிசோடு ஆரம்பத்துல சொல்றேன். உங்க பில்டிங்ல பிராணி வளர்க்க நல்ல விதி ஏதாவது எழுதி வச்சிருந்தா, தடை இல்லை, விதி, அதோட போட்டோ அனுப்புங்க. பேர், பிளாட் நம்பர் மறைச்சுட்டு அனுப்புங்க, மக்களே.